கை மட்டும் வந்த நிகழ்ச்சி

தமிழ்த் தொலைக்காட்சியின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். 2001 மே மாதத்துக்கு முன், 2001 மே மாதத்துக்குப் பின். அந்த மே மாதத்தில்தான், பந்தலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கோழிக்கடை மாடியிலிருந்து 'மலையின் சுவடுகள்' என்ற நிகழ்ச்சி ஒளிபரப்பானது. எழுத்து, குரல், இயக்கம் மூன்றும் நான். இதில் தற்பெருமை எதுவும் இல்லை. பிற்காலத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் தேதி தெரியாமல் திண்டாடக்கூடாது என்பதற்காகச் சொல்லிவைக்கிறேன்.

நான் அப்போது ஊட்டியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். பந்தலூரில் அப்பாவுக்கு மளிகைக்கடை. தேயிலை விலை விழுந்த வருஷங்கள் அவை. எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தன. கடையில் ஈ ஓட்ட அப்பா ஒருவரே போதும் என்பதால் எனக்கு நாட்டைத் திருத்த நேரம் கிடைத்தது.

டிவியில் எங்கள் மலைக்கு இரண்டே வேலைதான் கொடுத்திருந்தார்கள். ஒன்று டூயட், இன்னொன்று மலர்க்காட்சி. சென்னையில் நாலு தெருவில் தண்ணீர் நின்றால் பந்தலூர்க்காரன் அதை ராத்திரிச் செய்தியில் பார்த்து உச்சுக் கொட்டுவான். பந்தலூரில் பாதி மலை ரோட்டில் வந்து உட்கார்ந்தால், பஸ் வராததை வைத்து நாங்களே தெரிந்துகொள்ள வேண்டியது.

சரி, உள்ளூர்ச் சேனல் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. நாச்சிமுத்து அண்ணன் நடத்திய கேபிள் டிவியில் காலை முதல் இரவு வரை சினிமாப் பாட்டு. பாட்டுக்குக் கீழே ஒரு கேக் படம். கேக்குக்குப் பக்கத்தில் ஒரு வரி ஓடும்: "மூன்றாவது பிறந்தநாள் காணும் செல்லக்குட்டி பிரீத்தியை வாழ்த்துவது அப்பிச்சி, அம்மிச்சி, மாமா, அத்தை மற்றும் குட்டீஸ்." இந்தக் குட்டீஸ் யார், எத்தனை பேர், எந்தக் காலத்தவர் என்று கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். தன் ஞாபகம் மொத்தத்தையும் ஒரு கேக்குக்குக் கீழே ஓடவிட்ட சமுதாயம் உருப்படாது என்பது அதன் கடைசி வரி. நல்ல வரவேற்பு. இரண்டு பேர் படித்தார்கள்.

உள்ளூர் வரலாறும் பண்பாடும் டிவியில் வரவேண்டியதன் அவசியம் குறித்து எட்டுப் பக்க மனு எழுதி நாச்சிமுத்து அண்ணனிடம் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

"ஏனப்பா கீர்த்தி, இதப் போட்டா எவன் பாப்பான்?"

"ஜனங்க தங்களைத் தாங்களே பாக்கணுங்கண்ணா."

"அதுக்கு ஊட்டுக்கு ஊடு கண்ணாடி இருக்குதேப்பா."

ஆனாலும் நல்ல மனிதர். ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு அரை மணி நேரம் ஒதுக்கினார். "அந்நேரத்துக்கு எப்படியும் கரண்ட் போயிரும். ஒண்ணும் நஷ்டமில்ல" என்றார்.

கேமரா என் நண்பன் தரணிதரனுடையது. கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுப்பவன். முதல் நிகழ்ச்சிக்கு க்ளென்மார்ட்டன் எஸ்டேட்டை எடுத்துக்கொண்டோம். பங்களா, பங்களாவின் ஓடு, ஓட்டின் மேல் பாசி, வெள்ளைக்கார முதலாளி கட்டிய தேதி. பழைய மேனேஜர் கொடுத்த புத்தகத்தில் இருந்ததை நான் கணீரென்று வாசித்தேன். மறுநாள் அந்த எஸ்டேட்டிலேயே வேலை பார்த்த இரண்டு பெண்கள் எங்கள் கடைக்கு வந்தார்கள்.

"நேத்து டிவியில ஒரு ஊரு காட்டுனாங்க, என்னா அழகுங்கிற! கொடைக்கானலாண்ணே?"

க்ளென்மார்ட்டன் என்ற பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது கொரங்குப்பாறை. ஜனங்களுக்கு வரலாற்று அறிவு எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று தரணியிடம் சொன்னேன். அவன் "வேண்டாம்டா" என்றான்.

அன்று சாயங்காலம் கொரங்குப்பாறையிலிருந்து வடிவேல் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். இளம் வயதில் சிலோன் தோட்டங்களிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர்.

"தம்பி, அது நம்ம பங்களாதானே? செவத்துல சாஞ்சிருந்த தகரத்த வச்சிக் கண்டுபுடிச்சேன். அந்தத் தகரம் நான் சாத்துனது."

"சொல்லுங்கண்ணே."

"பழைய கதையெல்லாம் போடுறீங்களாமே. என்கிட்ட ஒண்ணு இருக்கு."

அவருக்கு ஒரு தங்கச்சி. தெய்வம்மா. எழுபத்து நாலில் கப்பல் ஏறும்போது அவளுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். வந்து இறங்கியவர்களை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பிய மண்டபம் கேம்பில் வடிவேல் குடும்பத்துக்கு ஒரு கார்டு, தெய்வம்மாவுக்கும் புருஷனுக்கும் தனிக் கார்டு.

"என் கார்டுல பந்தலூருன்னு எழுதுனான் கிளார்க்கு. அவ கார்டுல குந்தான்னு எழுதுனான். ரெண்டும் ஒரே மலதான், காலையில போயிட்டு அந்திக்கு வந்திறலாம்னு சொல்லித்தான் எழுதுனான்."

"தேடிப் போகலையா?"

"எம்பதுல போனேன். குந்தாவுக்கு மஞ்சூர்லதான் எறங்கணும், எறங்கி ரெண்டு நாளு சுத்துனேன். அவங்க எடம் மாறிப் போயிட்டாங்கன்னாங்க. மலை முழுக்க லயம், வரிசை வரிசையா தொழிலாளி வீடு. எத்தன கதவத் தட்டுறது? அதுக்கப்புறம் புள்ளகுட்டி, வேல."

"மச்சான் பேரைச் சொல்லிக் கேக்கலாமே. அவர் பேரு?"

"அந்த நாயி பேர நான் சொல்றதில்ல. ஒரே கார்டா எழுதுவோம்னு காலப் புடிக்காத கொறையா கேட்டேன். தனிக் குடும்பம்னு தனிக் கார்டு வாங்குனவன் அவன்."

இருபத்தேழு வருஷக் கோபம் அப்படியே சூடாக இருந்தது. இப்போது என்ன அவசரம் என்று கேட்டேன். எஸ்டேட் மூடி இரண்டு மாதம் ஆகிறதாம். மகள் ரஞ்சனி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாளாம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எல்லோரையும் வந்துவிடச் சொல்கிறாளாம்.

"தெய்வம்மா என்னைத் தேடுனா பந்தலூருன்னுதான் தேடுவா, தம்பி. என் கார்டு அவ பாத்தது. திருப்பூருன்னா அவளுக்கு என்னா தெரியும்?"

நான் வரலாற்றுக்காரன். காணவில்லை அறிவிப்பு வரலாறு ஆகாது என்று விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, வரலாறாவே சொல்லிப்புடுறேன்" என்றார்.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தேயிலைச் செடிக்கு நடுவில் நின்றார். யாரும் பறிக்காமல் விட்டதால் செடி அவர் மார்புக்கு வந்திருந்தது. கேமராவைப் பார்த்ததும் என்னையும் தரணியையும் மறந்துவிட்டார். "தெய்வம்மா, வடிவேல் பேசுறேன். வெள்ளப்பாலத் தோட்டம், மூணாம் லயம், வடிவேல்" என்று ஆரம்பித்தார். வெள்ளைப்பாலத் தோட்டம் என்பது சிலோனில் அவர்கள் இருந்த எஸ்டேட்டுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர். அங்கே மூணாம் லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடை, அம்மா செத்த அன்றைக்குப் பெய்த மழை, மண்டபம் கேம்பில் தெய்வம்மா லாரியில் ஏறும்போது செருப்பு ஒன்று கீழே விழுந்து அதை இவர் ஓடி ஓடிப் போய்க் கொடுத்தது, எல்லாம் சொன்னார். நாற்பது நிமிடம். முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டிவின்னா மஞ்சூர்லயும் தெரியும்தானே, தம்பி?"

நாச்சிமுத்து அண்ணனின் கேபிள் பக்கத்து நெல்லியாளத்தோடு முடிந்துவிடும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"டிவிதானேண்ணே" என்றேன். கவனியுங்கள், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

வெட்டி ஒட்டும்போது தரணி சொன்னான்: "டேய், மனுசன் அழுதுட்டாருடா. அத அப்படியே போடு."

"அழுகைக்குத்தான் சீரியல் இருக்கு. நமக்கு இந்த வாரம் தேயிலையின் தோற்றமும் வளர்ச்சியும்."

"அப்ப அவரு?"

"வருவாரு. கொழுந்து பறிக்கிற மாதிரி ஆறு செகண்ட் இருக்கு பார். கை அருமையா வந்திருக்கு."

ஞாயிற்றுக்கிழமை நானும் கொரங்குப்பாறைக்குப் போனேன். ஜனங்கள் தங்களைத் தாங்களே பார்ப்பதைப் பார்க்க வேண்டாமா? வடிவேல் வீட்டு வரிசையில் இருந்த ஒரே கலர் டிவிக்கு முன்னால் முப்பது பேர் கூடியிருந்தார்கள். வடிவேல் அதே வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில். அன்றைக்கென்று பார்த்துக் கரண்ட் போகவில்லை.

சீன தேசத்துச் சக்கரவர்த்தியின் வெந்நீரில் இலை விழுந்ததில் தொடங்கி என் குரல் இருபத்தைந்து நிமிடம் ஓடியது. நடுவில் இரண்டு கைகள் வந்தன.

"ஏய், வடிவேல் மாமா கை!" என்று ஒரு பிள்ளை கத்தியது. எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் கை போய்விட்டது. மறுபடி வரும் என்று காத்திருந்தார்கள். நன்றி வணக்கம் என்று நான் சொன்னேன். பாட்டு ஆரம்பித்தது.

ஒரு பெண் எல்லோருக்கும் விளக்கினாள். "இது மொத பாகம் போலருக்கு. அடுத்த வாரம் மொகம் வரும்."

கூட்டம் கலைந்தபிறகு வடிவேல் எனக்குத் தேயிலைச் சாயத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். பால் வாங்குவதை அந்த வரிசையில் எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள்.

"கைய மட்டும் எடுத்திருக்கீங்க, தம்பி."

"நேரம் பத்தலைண்ணே."

"இல்ல, குத்தமா சொல்லல. நல்லாத்தான் இருந்திச்சி." தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையப் பாத்து அவ எப்பிடிக் கண்டுபுடிப்பா?"

அடுத்த வாரம் முழுசாகப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதையும் பொய்யாகச் சொல்லவில்லை. நேராகத் தரணி வீட்டுக்குப் போய் கேசட்டைக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"அதுலதான்டா ஆறுக்குட்டி அண்ணன் மக சீரை எடுத்திருக்கேன். நீதானே வேண்டாம்னு சொன்னே? புதுக் கேசட் வாங்கிக் கொடுத்தியா நீ?"

போட்டுப் பார்த்தோம். ஓடை இருந்த இடத்தில் வாழைப்பழத் தட்டு. செருப்பு விழுந்த இடத்தில் ஆப்பிள் கூடை. பதினோரு தட்டு வரிசையாகப் போயிற்று. வடிவேலின் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை.

மறுபடி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பந்தலூர் மழை ஆரம்பித்தால் கேமராவை வெளியே எடுக்க முடியாது. நாலு நாள் கழித்து மழை விட்டதும் கொரங்குப்பாறைக்கு ஓடினோம். வடிவேல் வீட்டுக் கதவில் பூட்டு. பக்கத்து வீட்டில் கேட்டால், திருப்பூர். திருப்பூரில் எங்கே என்றால், பனியன் கம்பெனி. எந்தப் பனியன் கம்பெனி என்று கேட்கிற அளவுக்கு நாங்கள் முட்டாள்கள் இல்லை.

கடைக்கு வந்ததும் அப்பா சொன்னார்.

"அந்த வடிவேலு போறப்ப வந்துட்டுப் போனாருடா. நம்ம கடை போன் நம்பர எழுதி வாங்கிக்கிட்டாரு."

"எதுக்குங்கப்பா?"

"உன் நிகழ்ச்சியப் பாத்துட்டு யாராச்சும் தேடி வந்தா, கேட்டு வைக்கோணுமாம். மாசம் பொறந்தா போன் பண்றேன்னாரு. என்னடா, அவரு தங்கச்சி கதையப் போட்டியாமே? நான் கடைய உட்டுட்டு வர முடியல. நல்லா வந்துச்சா?"

வந்தது என்று சொன்னேன்.

'மலையின் சுவடுகள்' மூன்றாவது வாரம் வரவில்லை. "வரலாறு முடிஞ்சுதாப்பா?" என்று நாச்சிமுத்து அண்ணன் கேட்டார். முடிந்ததுங்கண்ணா என்றேன். அந்த அரை மணி நேரத்துக்கும் பாட்டைப் போட்டுவிட்டார். யாரும் எதையும் கவனிக்கவில்லை.

கல்லூரி திறந்து ஊட்டிக்குப் போனேன். ஜூலை முதல் தேதி அப்பா விடுதிக்குப் போன் பண்ணினார். வடிவேல் கூப்பிட்டாராம். யாராவது வந்தார்களா என்று கேட்டாராம். இல்லை என்றதும், மழைக்காலம், மஞ்சூர் ரோடு மோசமாக இருக்கும், அதனால்தான் வரவில்லை என்று அப்பாவுக்கே ஆறுதல் சொன்னாராம்.

அந்தச் சனிக்கிழமை தரணியிடம்கூடச் சொல்லாமல் மஞ்சூர் பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். அங்கே கேபிள் நடத்துவது காளியம்மாள் என்ற அம்மா. தையல் கடையின் ஒரு மூலையில் கம்ப்யூட்டர், இன்னொரு மூலையில் மெஷின். ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன வேணுங்க?"

"ஒருத்தரைத் தேடணும். டிவில ஒரு அறிவிப்பு."

"காணவில்லைன்னா போலீஸ் லெட்டர் இல்லாம போடமாட்டோம்ங்க."

"காணாமப் போகலை. இங்கதான் எங்கயோ இருக்காங்க. இது வந்து, ஒரு மாதிரி, வரலாறு."

"அதெல்லாம் இங்க கெடையாதுங்க. வாழ்த்து மட்டுந்தான்."

மெஷின் ஓடி நின்றது. நான் கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

"சரிங்க. வாழ்த்தே போடுங்க. பிறந்தநாள்."

"பேரு?"

"தெய்வம்மா."

"எத்தனாவது பிறந்தநாளு?"

"தெரியாதுங்க."

"வயசுல பெரியவங்களா? அப்ப நம்பர் வேண்டாம், கோவிச்சுக்குவாங்க. போட்டோ?"

"இல்ல."

"கேக் படம் போட்டுர்றேன். வாழ்த்துறது யாரு?"

"அண்ணன் வடிவேல். வெள்ளைப்பாலத் தோட்டம், மூணாம் லயம்."

"அது எங்கிருக்குது?"

"அவங்களுக்குத் தெரியும்."

அந்த அம்மா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தட்டினார். வாழ்த்தில் போன் நம்பர் போட முடியாது என்றார். விளம்பரதாரர் என்றால் போடலாமாம். அதனால் நல்வாழ்த்துகளுடன் கருணாகரன் மளிகை, பந்தலூர் என்று எங்கள் அப்பாவின் கடையை அவருக்கே தெரியாமல் விளம்பரதாரர் ஆக்கி நம்பரைச் சேர்த்தேன்.

"வேற சொந்தக்காரங்க யாரும் வேண்டாமா? பத்துப் பேரு வரைக்கும் அதே ரேட்டுதான். ஒத்தப் பேரு ஓடுனா வெறிச்னு இருக்கும்ங்க."

யோசித்தேன். வடிவேலின் வீட்டில் ரஞ்சனியைத் தவிர யார் பெயரும் எனக்குத் தெரியாது. கேட்டுக்கொள்ளவில்லை.

"ரஞ்சனின்னு ஒண்ணு போடுங்க. அப்புறம்..."

"அப்புறம்?"

"மற்றும் குட்டீஸ்" என்றேன்.

ஆகஸ்ட் முதல் தேதியும் அப்பா போன் பண்ணினார். யாரும் வரவில்லை. வடிவேல் மட்டும் கூப்பிட்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை மறுபடி மஞ்சூர் போனேன். காளியம்மாள் மெஷினை நிறுத்திவிட்டுப் பழைய வரியைத் திரையில் எடுத்தார்.

"தெய்வம்மாதானே? அவங்களுக்குப் போன மாசம்தானே பிறந்தநாள் வந்துச்சு?"

"அது இங்கிலீஷ் தேதிங்க" என்றேன். "இது நட்சத்திரப்படி."