பெருமாள்ராஜ் வாங்கிய ஐந்தாவது டயர்

ஜீப் இன்றைக்கு வாசலைவிட்டுப் போயே ஆகவேண்டும் என்று பிச்சைக்கண்ணு ஒற்றைக்காலில் நின்றார். மகன் போன நாளிலிருந்து மனைவி தனலட்சுமி சோறு தண்ணி இல்லாமல் அதற்குள்தான் பழியாய்க் கிடக்கிறாள். அவன் உட்கார்ந்து ஓட்டின இருக்கையில் தலையைச் சாய்த்தால் எழுந்திருப்பதே இல்லை. வண்டி இங்கே நின்றால் இவளும் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. மிஞ்சியிருப்பது இவள் ஒருத்திதானே!

வண்டியை வாங்கத் திசையன்விளையிலிருந்து பெர்லின் என்பவன் வந்திருந்தான். முக்கூடலுக்கு வந்து பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“ஸ்டெப்னிய மட்டும் அடியில மாட்டிக் குடுத்துருங்க அண்ணாச்சி. பின்னால நான் வாழத்தார் ஏத்தணும், எடத்த அடைக்கும்.”

அங்கேதான் வந்தது வினை. காட்டுப்பாதையில் பாறை ஏறவேண்டும் என்று நாலு சக்கரத்துக்கும் பெரிய பெரிய டயராகப் போட்டவன் மகன் பெருமாள்ராஜ். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கவேண்டுமாம், துரைக்கு! பழைய டயருக்கு விட்ட இடத்தில் இது எப்படி நுழையும்? தொங்கவிட நீளமான போல்ட் வாங்கிவருகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் கிளம்பினான். லாரி அடித்து, வெள்ளைத்துணி சுற்றித்தான் திரும்பி வந்தான். டயர் கிணற்றடியில் சாய்த்தது சாய்த்தபடியே இருந்தது.

மெக்கானிக் முத்துமாலை வண்டிக்கு அடியில் படுத்து, ஜாக்கி வைத்து நெம்பிப் பார்த்தான். இந்தப் பக்கம் ஏற்றினால் அந்தப் பக்கம் சைலன்சரில் இடித்தது.

“இது ஏறாது அண்ணாச்சி. இங்கனயே கெடக்கட்டும்.”

“இந்தச் சனியன் இங்கன இருக்கவே கூடாதுலே! என்ன பாடுபட்டாவது மாட்டு!”

“அப்பம் ஒரே வழிதான். காத்தப் பூரா எறக்கிட்டா அமுங்கி ஏறிரும். பெறவு அவரு அடிச்சுக்கிடட்டும்.”

“என்னமும் செய்.”

முத்துமாலை டயரை வெளியே இழுத்துப்போட்டு, வால்வு ஊசியைத் திருகினான். அது கையைவிட்டுத் தெறித்து மண்ணில் எங்கேயோ விழுந்தது. காற்று சீறிக்கொண்டு வந்தது.

வண்டியைவிட்டு இறக்கி வாசற்படியில் உட்காரவைத்திருந்த தனலட்சுமி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

“அடப்பாவிகளா, விடாதிய! அது எம்புள்ள அடிச்ச காத்து! அன்னைக்குக் காலையில பம்ப மிதிமிதின்னு மிதிச்சு அடிச்சாம்லா!”

பிச்சைக்கண்ணுவுக்கும் நினைவு வந்தது. ஆமாம். வேர்க்க விறுவிறுக்க மிதித்துக்கொண்டிருந்தான். கடையில் கொடுத்து அடிக்கலாமே என்று இவர் சத்தம்போட்டதற்குச் சிரித்தான். மகனுடைய துணிமணி, செருப்பு எல்லாவற்றையும் தன் கையாலேயே ஆற்றில் விட்டவர் அவர். இந்த வண்டியைத் தவிர இனி வீட்டில் அவனுடையது என்று ஒன்றும் இல்லை என்றல்லவா நினைத்திருந்தார்!

அவள் உள்ளங்கையை வைத்துப் பொத்தினாள். அதன்மேல் இவரும் விழுந்து பொத்தினார். விரலிடுக்கில் பிய்த்துக்கொண்டு போனது.

“ஊசி எங்கலே? வெரசாத் தேடுலே!”

முத்துமாலை மண்ணை அளைந்தான். பெர்லினும் வேட்டியோடு முட்டுக்குத்தித் தேடினான். சுடுகாட்டில்கூடக் கண்ணீர் விடாத மனுஷன், டயரைக் கட்டிக்கொண்டு, “போவாதலே மக்கா, போவாதலே” என்று குழறிக்குழறி அழுதார். சீறல் முனகலாகி, அதுவும் அடங்கியது.

ஊசி கிடைத்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு முத்துமாலை யார் முகத்தையும் பார்க்காமல் நின்றான்.

தனலட்சுமிதான் புருஷனின் கையைப் பைய விலக்கிவிட்டாள். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

“மாட்டிருய்யா முத்துமாலை,” என்றாள். “இப்பம் ஏறும்லா.”