வயர் கழன்ற சுற்று

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. சுவரில் ஒட்ட ஒரு பக்கம் அறிவுரை வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

கேட்டவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை செய்பவள். லென்ஸை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, சட்டத்தில் உட்கார வைப்பது அவள் பொறுப்பு. புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து படிக்கட்டெல்லாம் மிதக்கிறது என்று நான் சண்டைக்குப் போனபோது, கடைக்காரர் அவளைத்தான் வெளியே கூப்பிட்டார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும்.

"கண்ணைத் தாழ்த்தாதீங்க மேடம், தலையைத் தாழ்த்துங்க. பத்து நாள்ல பழகிடும்," என்றாள். பிறகு சீட்டில் என் தொழிலைப் பார்த்தாள். "எழுதறவங்களா? அப்ப எனக்கு ஒண்ணு எழுதித் தரீங்களா?"

வேலை முடிந்ததும் அவள் போகிற இடம் ஒன்று உண்டு. பேட்டரிக் கடைக்கு மேலே ஒரு ஹால், எட்டுத் திரைகள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் ஆளுக்கொரு வீரரை வைத்துக்கொண்டு மோதுகிற சண்டை விளையாட்டு. போட்டிகளில் ஆட வேண்டும் என்று ஆசையாக வருகிற சின்னப் பிள்ளைகள் இரண்டு வாரம் அடி வாங்கிவிட்டுக் காணாமல் போகிறார்களாம். அவர்களுக்குத்தான் அறிவுரை.

"நீயே எழுதலாமே?"

"எழுதினேன். படிச்சா திட்டற மாதிரி இருக்கு."

2

என் முதல் தொடக்கங்கள், வெட்கத்தோடு:

அன்புள்ள இளம் வீரர்களே, வெற்றியும் தோல்வியும் ஒரு—

(அவளிடம் காட்டினேன். கொட்டாவியை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.)

அவள் விரல்கள் மின்னலைப் போல—

(மின்னலும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. லென்ஸ் தேய்த்தே நகம் மழுங்கிப்போன விரல்கள்.)

ஒன்று, தினமும் பயிற்சி செய்யுங்கள். இரண்டு, பொறுமையாக—

"இது நீச்சலுக்கும் பொருந்தும் மேடம். டைப்பிங்குக்கும் பொருந்தும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சரி, அப்ப நீ எப்படித் தோத்தேன்னு சொல்லு," என்று வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள். அறிவுரை அத்தோடு என் கையைவிட்டுப் போனது.

3

ஹாலில் அவளை அசைக்க ஆளில்லை. விளையாட்டில் அவள் எடுப்பது குடையை ஆயுதமாக வைத்திருக்கும் ஒருத்தியை. உயரத் தாவி, எதிரியின் தலைக்கு மேலே குடையை விரித்து, இறங்கும்போது ஓங்கி ஒரு குத்து. அந்தத் தாவலைப் பார்த்தாலே ஹாலில் பாதிப் பேர் கட்டையைக் கீழே வைத்துவிடுவார்கள். ("கட்டையா? அது கண்ட்ரோலர் மேடம்." சரி, கண்ட்ரோலர்.)

அந்தத் தெம்பில் முதல் போட்டிக்குப் போனாள். எதிராளியாக உட்கார்ந்தவர் ஒரு பிளம்பர். நாற்பது வயது, சட்டைப் பையில் அளவு நாடா. அவர் எடுத்தது ஆமை வேகத்தில் நகரும் ஒரு மல்யுத்தக்காரனை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு ஆட்டமும் போய்விட்டது. அவள் தாவுகிற ஒவ்வொரு தடவையும் அந்த மல்யுத்தக்காரன் நின்ற இடத்திலேயே கையை நீட்டி, ஆகாயத்திலிருந்து பழம் பறிப்பதுபோல் அவளைப் பறித்துத் தரையில் அடித்தான்.

பிளம்பர் கை நீட்டினார். அவள் விரல் நுனியை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்துபோனாள். திரை தாமதமாகக் காட்டியது, கண்ட்ரோலர் பட்டன் ஒட்டிக்கொண்டது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டில் அக்கா கேட்டபோது, "மெஷின் ரிப்பேர்க்கா, ஆட்டமே நடக்கல," என்றாள்.

4

இந்த அக்காவை நான் முதலில் நம்பவில்லை. கதைக்கு வசதியாக இவள் வாயில் வந்துவிட்ட பாத்திரம் என்று நினைத்து ஒரு வரைவில் வெட்டியே விட்டேன். காரணம், அடுத்து நடந்ததாகச் சொன்னது இது:

போட்டி நடத்தியவர்கள் எல்லா ஆட்டத்தையும் பதிவு செய்து இணையத்தில் போட்டிருந்தார்கள். நான்கு நாள் கழித்து, அக்கா துணி மடித்துக்கொண்டே போனை அவள் முன்னால் வைத்தாள். அவள் தோற்ற ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது நீதானே?"



இவள் பொய் சொன்னதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிவரை பார்த்துவிட்டு, "ஏன்டி இவ்ளோ குதிக்கிற?" என்று மட்டும் கேட்டாள்.

விளையாட்டின் தலையும் வாலும் தெரியாத ஒருத்தி இதை எப்படிக் கண்டுபிடிப்பாள்? அக்கா வேலை செய்யும் மருந்துக்கடைக்கே போய்க் கேட்டேன். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சொன்னார்: "ஆமாங்க, கேட்டேன். தவளை மாதிரி குதிச்சா. அந்த ஆளு பாவம், சும்மா நின்னுட்டிருந்தாரு." அக்காவைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் மதிய இடைவேளையில், பழைய ஆர்டர் சீட்டின் பின்பக்கத்தில் கண்ணாடிக்காரி கோடு போட்டு எண்ணினாள். பத்தொன்பது தாவல். பதினேழில் அடி வாங்கியிருந்தாள். திரை தாமதமாகவும் இல்லை, பட்டன் ஒட்டவும் இல்லை.

(அவள் சொன்ன அறிவுரைகளில் நான் முழுசாக நம்புவது இதைத்தான்: தோற்ற ஆட்டத்தைப் பாருங்கள். அடி வாங்கிய இடத்தை எண்ணுங்கள். எண்ணி முடிக்கும்வரை யாரையும் குறை சொல்லாதீர்கள்.)

5

அதற்கு அடுத்து அவள் செய்த காரியத்துக்குத் தைரியம் வேண்டும். பிளம்பரின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு உங்ககிட்ட தோத்தேன்ல, குடை வெச்ச பொண்ணு. இன்னும் கொஞ்சம் அடிப்பீங்களா?"

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த குழாயை அவர் மூடினார். "ஞாயித்துக்கிழமை காலையில உங்க ஹாலுக்கு வரேன்."

முதல் ஞாயிறு முப்பத்தொரு ஆட்டம். முப்பத்தொன்றிலும் தோல்வி. தாவக்கூடாது என்று ஒரே ஒரு முடிவோடு போயிருந்தாள். வேறு எதையும் பற்றிக் கவலைப்படவில்லை. தாவாவிட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் வெறுமனே நின்று உதை வாங்கினாள். விரல் தன் பாட்டுக்குத் தாவுகிற பட்டனுக்குப் போகும். இழுத்துக் கீழே வைப்பாள். அவருக்கும் அவள் ஆட்டம் உதவியது. வேகமான எதிரியிடம் தடுமாறுகிற ஆள் அவர். "இன்னொரு வாட்டி அந்தக் குடையை வேகமா சுத்து, எனக்குக் கண்ணுக்குத் தெரியல," என்பார். இவள் தப்பை அவர் சொல்வார், அவர் தப்பை இவள்.

இரண்டாம் ஞாயிறு ஒரு ஆட்டம் ஜெயித்தாள். மூன்றாம் ஞாயிறு ஒன்றும் இல்லை. நான்காவதில் ஆறு.

(இந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன்: விடாமுயற்சி அவளை— வேண்டாம். எண்களே போதும்.)

6

மூன்று மாதம் கழித்து இரண்டாவது போட்டி. ஒரு உள்விளையாட்டரங்கம், பிளாஸ்டிக் நாற்காலிகள், காலடியில் வயர்க் காடு. இரண்டு பேரை வென்று மூன்றாவதாக உட்கார்ந்தபோது பக்கத்தில் பிளம்பர்.

"வந்துட்டியா," என்றார்.

"வந்துட்டேண்ணே."

மூன்று சுற்றில் இரண்டை வெல்பவருக்கு ஆட்டம், மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்பவருக்கு மோதல். ஆளுக்கொரு ஆட்டம் ஆகி, கடைசி ஆட்டத்திலும் ஆளுக்கொரு சுற்று ஆகி, கடைசிச் சுற்று. அவள் ஒரு தடவைகூடத் தேவையில்லாமல் தாவவில்லை. ஆனாலும் அவர் அவளை மூலைக்குத் தள்ளிவிட்டார். திரையின் மேலே ஒவ்வொருவருக்கும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் கோடு உண்டு. அவளுடையது நூலளவு. அவருடையது முக்கால்.

அப்போது திரை நின்றது. கண்ட்ரோலர் இணைப்பு இல்லை என்று ஒரு பெட்டி வந்து விழுந்தது. பிளம்பரின் முழங்கால் பட்டு அவருடைய வயர் கழன்றிருந்தது.

நடுவர் வந்து அவளிடம் சொன்னார். "யாரால ஆட்டம் நிக்குதோ அவங்களுக்குச் சுற்று போச்சு. அது ரூல். சுற்று உங்களுக்குத்தான், ஆட்டமும் உங்களுக்கு. வேணாம்னா விட்டுக்குடுத்துட்டுத் தொடரலாம். நீங்க சொல்லணும்."

7

என் வரைவில் அவள் கம்பீரமாக எழுந்து, "விட்டுக்குடுக்கறேன்," என்றாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. கடையின் பின்னறையில் வைத்துப் படித்துக் காட்டினேன்.

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். "நான் அப்படிச் செய்யல மேடம்."

செய்தது இதுதான். அவள் பிளம்பர் பக்கம் திரும்பி, "அண்ணே, நான் என்ன செய்ய?" என்று கேட்டாள்.

"என்னைக் கேக்காத," என்றார் அவர். "கேட்டா எனக்குச் சாதகமாத்தான் சொல்லுவேன்."

அவள் திரையைப் பார்த்தாள். தொடர்ந்தால் பத்துக்கு ஒன்பது தடவை தோல்விதான் என்று அவளுக்குத் தெரியும். காலையில் அந்த விதித்தாளில் இருவருமே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தன் வயர் கழன்றிருந்தால் இந்நேரம் தான் வெளியே நின்றிருப்போம் என்பதும் தெரியும்.

"எடுத்துக்கறேன்," என்றாள்.

பின்வரிசையில் யாரோ, "சே," என்றார்கள். பிளம்பர் கை கொடுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவள் தோற்று வெளியேறினாள். எதிராளி யார் என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

"ஏன் எடுத்துக்கிட்ட?" என்றேன். என் குரலில் குற்றச்சாட்டு இருந்திருக்க வேண்டும்.

"ரூலுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு, நான் ரூலைவிடப் பெரிய மனுஷின்னு காட்டணுமா? தப்பில்லன்னு இப்பவும் சொல்லுவேன். ஆனா அன்னைக்குச் சோறு எறங்கல. ரெண்டையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

"பசங்களுக்கு என்ன சொல்லட்டும்?"

"வயரைக் கால்ல படாம போடச் சொல்லுங்க. முதல்ல அது."

8

அடுத்த ஞாயிறு பிளம்பர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. போனை எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் அவள் விசாரித்துக்கொண்டு அவர் வேலை செய்யும் இடத்துக்கே போனாள். பூச்சு வேலை முடியாத ஒரு அடுக்குமாடிக் கட்டடம். சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்திருந்தார். வெளியே கால் மட்டும் தெரிந்தது. அவள் காலிடம் பேசினாள்.

"அண்ணே, ஒரு சுற்று பாக்கி இருக்கு."

"முடிஞ்சுபோச்சு. நீ ஜெயிச்சுட்ட."

"ஜெயிச்சது தாள்ல. ஆடல இல்ல?"

ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. "அந்தப் பெரிய ஸ்பேனரை எடு."

கொடுத்தாள். உள்ளே இரண்டு தடவை முறுக்கும் சத்தம்.

"உனக்கு எவ்ளோ இருந்துச்சு?"

"நூலளவு."

"எனக்கு?"

"முக்கால்."

"அப்படியே வெச்சுத்தான் ஆடணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அது போட்டியில ஜெயிச்சதை மாத்தாது, சொல்லிட்டேன்."

"மாத்த வேணாம். அதுக்காக வரல."

அன்று மாலை ஹாலில், விளையாட்டிலேயே பயிற்சிக்கென்று இருக்கும் பகுதியில், உயிர்க் கோடுகளை வேண்டிய அளவுக்கு வைத்துக்கொண்டார்கள். அவளுக்கு நூல், அவருக்கு முக்கால். அவள் மூலையில். வயரை அவரே குனிந்து இரண்டு தடவை சரிபார்த்தார். ஆடினார்கள்.

9

என்ன ஆயிற்று?

அவள் ஜெயித்ததாக ஒன்று எழுதினேன். நானே நம்பவில்லை. தோற்றதாக ஒன்று எழுதினேன். அதில் அவள் தேவைக்கு மேல் நல்லவளாகத் தெரிந்தாள். மின்சாரம் போனதாக ஒன்று. (அதைக் கிழித்துவிட்டேன், நினைவுபடுத்தாதீர்கள்.)

பிளம்பரிடம் போனில் கேட்டேன். "அவளைக் கேளுங்க," என்று வைத்துவிட்டார்.

அவளைக் கேட்டேன். என் கண்ணாடியை வாங்கி, ஊதித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள மேடம். முடிவை எழுதிட்டீங்கன்னா பசங்க அதை மட்டும்தான் படிப்பாங்க. நூலளவு இருக்கறப்ப என்ன செய்யறதுன்னு அவங்களே உக்காந்து பாக்கட்டும். அந்த எடத்துல நிறுத்துங்க."

நிறுத்துகிறேன். அவள் மூலையில் இருக்கிறாள், குனிந்து தடுத்துக்கொண்டு. மல்யுத்தக்காரன் ஓரடி முன்னால் வைக்கிறான். அவன் கை இன்னும் நீளவில்லை. அவள் இன்னும் எந்தப் பட்டனையும் அழுத்தவில்லை. நாற்காலி அவளுடையது, விரல்கள் உங்களுடையவை. அவசரப்படாதீர்கள். அவன் கையைப் பாருங்கள்.