குழி விழாத வட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து, சுதீஷ் அத்தான் கொண்டுவந்திருந்த பித்தளைச் சாமானைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை நீளம் இருக்கும் ஒரு குழல். ஒரு முனை தட்டையாக மூடியிருந்தது. மறுமுனையில் சிப்பியும் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு. அம்மாவின் கை பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் தெரிந்தது.

"பழைய சரக்குடே," என்றார் அப்பா என்னிடம். "இப்ப வாற பித்தளையில இந்த நெறம் கிட்டுமா? கனத்தப் பாத்தியா? மருமவனே, இத எங்க இருந்து எடுத்திய?"

அத்தான் பின்வாசல் படியில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். "கடலுக்கு அடியில ஒரு கப்பல் கிடக்கு மாமா. சண்டைக் காலத்துல முங்குனது. அதுல கிடந்தது. சுட்டுப்போட்ட குண்டோட வெறும் கூடு."

மருமவனே என்ற சொல்லை அப்பாவின் வாயிலிருந்து அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. அதுவரைக்கும் அத்தான் அப்பாவுக்கு 'அவரு' மட்டும்தான். சாலைக் கடைத்தெருவில் எங்களுக்குப் பாத்திரக்கடை. மாப்பிள்ளையாக வருகிறவர் கடைக்கும் ஒரு ஆளாவார் என்று அப்பா நினைத்திருந்தார். வந்தவருக்குக் கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. லீவு நாளில் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது பொழுதுபோக்கு. "குளத்துல எவனும் சும்மா முங்கலாம். இவரு காசு குடுத்துல்லா முங்குதாரு," என்று அப்பா கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை அத்தானும் அக்காவும் சாப்பிட வந்தால், "சாப்பிட்டியளா" என்று ஒன்று கேட்டுவிட்டுப் பேப்பருக்குள் போய்விடுவார். அக்கா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கு அவள் அடுக்களை ஜன்னலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அத்தானோடு நானும் கடலுக்குள் போவது அக்கா சொல்லித்தான். பகலில் கடையில் கணக்குப் பார்க்கிறேன். சாயங்காலம் கோவளத்தில் ஒரு மாடி அறையில் வகுப்பு. "நீ கூடப் போனேன்னா அவரு கிறுக்குத்தனம் ஒண்ணும் காட்டமாட்டாரு. நீதான் எதையும் ரெண்டு தடவ பாக்குறவன்லா," என்றாள் அக்கா. அது பாராட்டா, குறையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரண்டு தடவை பார்ப்பதால் எனக்குப் பெரிய நன்மை எதுவும் விளைந்ததில்லை. ஒரு தடவை குடும்பத்தோடு நாகர்கோவிலுக்குப் போகும்போது, அடுப்பின் கேஸை மூடவில்லை என்று நான் சொல்லிப் பாறசாலையிலிருந்து எல்லோரும் திரும்பி வந்தோம். மூடித்தான் இருந்தது.

வகுப்பு எடுக்கும் லிபி சேச்சி மால்டா தீவில் சில வருடம் வேலை பார்த்தவர். மத்தியதரைக் கடலின் படங்களைச் சுவரில் போட்டுக் காட்டுவார். உலகப்போரில் மூழ்கிய கப்பல்கள், இறக்கை முறிந்த விமானம், ஒரு கப்பலின் வயிற்றுக்குள் பாட்டில்கள் மாதிரி சரிந்து கிடக்கும் பீரங்கிக் குண்டுகள். நல்ல பழக்கம் உள்ளவர்களை மட்டும்தான் அங்கே இறக்குவார்களாம். "நோக்காம். தொடருது. எடுக்கான் பாடேயில்ல, கேட்டோ," என்பார். பார்க்கலாம், தொடக்கூடாது, எடுக்கவே கூடாது. ஒரு படத்தில் இரண்டு குண்டுக் கூடுகளின் அடிப்பாகம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. இரண்டிலும் நடுவில் சின்ன வட்டம். சுட்டதில் அந்த வட்டத்தில் ஊசி அடித்த குழி இருக்கும். சுடாததில் வட்டம் வழவழவென்று இருக்கும். அதற்குள் மருந்து அப்படியே இருக்கலாம். வயதாகிவிட்டது, தண்ணீரில் கிடந்தது என்றெல்லாம் நம்பக் கூடாது, சூடு பட்டால் போதும் என்றார்.

தண்ணீருக்குள் காட்டும் சைகைகளில் எனக்குப் பழக நாளானது கட்டைவிரல். ஊரில் கட்டைவிரலை உயர்த்தினால் பிரமாதம் என்று அர்த்தம். தண்ணீருக்குள் அதற்கு 'போதும், மேலே போவோம்' என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து வளையம் காட்ட வேண்டும். கட்டைவிரலை யார் காட்டினாலும், கூட வந்தவர் அதையே திருப்பிக் காட்டிவிட்டு மேலே வந்தாக வேண்டும். அங்கே தர்க்கம் கிடையாது. மேலே வந்த பிறகும் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. எங்கள் வீட்டில் நடக்காத காரியம்.

முந்தின நாள் சனிக்கிழமைதான் அந்தக் கப்பலில் இறங்கினோம். விழிஞ்ஞத்திலிருந்து படகில் போய், கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். பாதி வழி வரைக்கும் பச்சை வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிறகு காலுக்குக் கீழே ஒரு இருட்டு திரண்டு, இருட்டுக்கு விளிம்புகள் வந்து, விளிம்புகள் இரும்புச் சட்டங்களாயின. பெயர் தெரியாத சரக்குக் கப்பல். மேல்தளத்தில் விமானத்தைச் சுடும் பீரங்கி ஒன்று வானத்தைப் பார்த்தபடியே பவளம் பிடித்து நின்றது. அறுந்த மீன்வலைகள் அதன்மேல் சாம்பல் நிறத்தில் தொங்கின. வலைக்குள்ளிருந்து ஒரு பெரிய கலவா மீன் எங்களை வெறித்தது. பீரங்கியைச் சுற்றிச் சேற்றில் பாதி புதைந்து குழல்கள் சிதறிக் கிடந்தன.

அந்த ஆழத்தில் காற்று மூளையை மந்தமாக்கும். அதைச் சோதிக்க லிபி சேச்சி பலகையில் ஒரு கூட்டல் கணக்கை எழுதி நீட்டினார். அத்தான் சட்டென்று போட்டு முடித்தார். நான் மேலிருந்து கீழாகக் கூட்டினேன். பிறகு கீழிருந்து மேலாகக் கூட்டினேன். இரண்டும் ஒத்து வந்ததும் பலகையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அத்தான் என் தோளருகே இல்லை. பீரங்கிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தார். கை இடுப்புப் பையை அமர்த்திப் பிடித்திருந்தது. மிதக்காமல் இருக்க இடுப்பில் கட்டும் ஈயக்கட்டியைச் சரிசெய்கிறார் என்று நினைத்தேன்.

இப்போது குழாயடியில் அம்மா அந்தக் குழலைத் திருப்பி, அடிப்பாகத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். களிம்பு கரைந்து, நடுவில் ஒரு வட்டம் தெரிந்தது. நான் அருகில் போய்க் குனிந்தேன். குழி இல்லை. புளிச்சக்கை அடைத்திருக்கும் என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சுண்டுவிரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

"மாறுல, வெளிச்சத்த மறைக்காத," என்றாள் அம்மா.

அப்பா அதைக் கையில் வாங்கிக் காதருகே வைத்து விரல் முட்டியால் தட்டினார். பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவது அவர் வழக்கம். 'தொக்' என்றது. "உள்ள மண்ணு அடச்சிருக்கு. அதான் சத்தம் இல்ல. லேசா சூடு காட்டுனா இளகி விழுந்திரும். அடியில ஒரு தட்டு பத்தவச்சு, மேல திரி போட்டம்னா கடைக்கு ஒரு வெளக்காச்சு. மருமவன் கடல்ல இருந்து கொண்டாந்ததுன்னு வாறவன்கிட்ட எல்லாம் காட்டலாம்."

"ஓ, அதுக்கென்ன மாமா!" என்றார் அத்தான். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

பின்கட்டின் ஓரத்தில் தகரக் கொட்டகை. நசுங்கிய பாத்திரங்களைப் பற்றவைக்கும் இடம். அப்பா அங்கே போய், சின்ன கேஸ் சிலிண்டரின் தலையைத் திறந்து ஊதுகுழலைக் கையில் எடுத்தார். பித்தளைக் குழலைச் செங்கல்மேல் வைத்தார். தீப்பெட்டியைத் தேடினார்.

சொல்ல வேண்டும். ஆனால் என்ன சொல்வது? அது சுடாத குண்டு என்று நான் சொன்னால், அத்தான் விதியை மீறி எடுத்தார் என்பதும், வெறும் கூடு என்று தெரியாமல் சொன்னார் என்பதும் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு வந்த 'மருமவனே' அத்தோடு போகும். நான் சொன்னது தப்பாக இருந்தால் இன்னொரு பாறசாலை. படத்தில் பார்த்த வட்டமும் இந்த வட்டமும் ஒன்றுதானா என்றே சந்தேகம் வந்தது.

அத்தானைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நெஞ்சுக்கு நேரே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

"பாத்தியளா, இவனுக்கே பிடிச்சுப்போச்சு!" என்றார் அப்பா.

அத்தான் சிரித்தபடி விரல்களை வளையமாகச் சேர்த்துக் காட்டினார். ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது. நான் கையை இறக்கவில்லை. கட்டைவிரலை இன்னும் மேலே உயர்த்தினேன்.

"என்னல ரெண்டுபேரும் ஊமக்கூத்து ஆடுதிய?" என்றாள் அம்மா.

அப்பாவுக்குத் தீப்பெட்டி கிடைத்துவிட்டது. முதல் குச்சி ஈரம். உரசியதும் மருந்து உதிர்ந்தது. இரண்டாவது குச்சியை எடுத்தார். அத்தானின் சிரிப்பு மெல்லப் போயிற்று. செங்கல்மேல் என் பக்கமாகத் திரும்பியிருந்த அடிப்பாகத்தை அவர் பார்த்தார். படியிலிருந்து இரண்டு எட்டு வந்து மறுபடியும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினார். ஏன் என்று கேட்கவில்லை.

"மாமா, பத்தவைக்காதிய. தீப்பெட்டியக் கீழ வைங்க."

"என்னத்துக்கு?"

"அது சுட்டுப்போட்டது இல்ல. உள்ள மருந்து இருக்கு. வெடிக்கும்."

"வெறும் கூடுன்னுல்லா சொன்னிய?"

"தெரியாமச் சொன்னேன். எடுக்கப்பிடாதுன்னு கிளாஸ்ல சொல்லித் தந்திருக்கு. இவனுக்குத் தெரியாம எடுத்தேன். உங்களுக்குக் காட்டணும்னுதான்..."

அப்பா குச்சியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். சிலிண்டரைத் திருகி மூடினார். மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அத்தானைப் பார்க்கவே இல்லை. "சிவகாமி, கை கழுவ நிக்காத, அப்படியே எந்திரி," என்றார் அம்மாவிடம். "லச்சுமி, அடுப்ப அணச்சுட்டு வெளிய எறங்கு," என்று ஜன்னலில் நின்ற அக்காவிடம் சொன்னார்.

போலீசுக்கு நான் போன் செய்கிறேன் என்றேன். "வேண்டாம்டே. எடுத்தவன் நானாக்கும்," என்று அத்தான்தான் கூப்பிட்டார். மலையாளத்தில் பெயர், விலாசம், எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது எல்லாம் ஒளிக்காமல் சொன்னார். பிறகு லிபி சேச்சியைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் சேச்சி பேசியது கேட்கவில்லை. அத்தான் "செரி சேச்சி, செரி," என்று மட்டும் நாலைந்து தடவை சொன்னார். போனை வைத்ததும், "இனி நம்மள இறக்கமாட்டாங்க. உன்னையும் சேத்துத்தான்," என்றார் என்னிடம். ஜீப் வந்தது. போலீஸ்காரர்கள் எங்கள் கிள்ளிப்பாலம் சந்தில் இருந்தவர்களையெல்லாம் முனைக்குப் போகச் சொன்னார்கள்.

சர்ச் விட்டு வந்த எதிர்வீட்டு எலிசாள் அக்கா பைபிளும் கையுமாக நின்றாள். "என்ன சிவகாமியம்மா, எல்லாரும் ரோட்டுல? கேஸ் லீக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அதும் மாதிரிதான்," என்றாள் அம்மா. புளி காய்ந்த விரல்களைச் சேலையில் படாமல் விரித்துப் பிடித்திருந்தாள். அக்கா அத்தானுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அழுகிறாளா, கோபமா என்று தெரியவில்லை.

வெடிகுண்டுப் பிரிவு வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. முனையில் பூட்டிய கடை ஒன்றின் தகரச் சரிவுக்குக் கீழே மட்டும் ஒரு பட்டை நிழல். அப்பா அதன் நடுவில் நின்றார். அத்தான் வெயிலில் நின்றார். ஒரு போலீஸ்காரர் அத்தானிடம் வந்து, பிற்பகல் ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும் என்றார். அத்தான் தலையாட்டினார். "நானும் வருவேன்," என்று அப்பா மலையாளத்தில் போலீஸ்காரரிடம் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை.

பஞ்சு மூட்டை மாதிரி கனத்த உடுப்புப் போட்ட ஆள் வண்டியிலிருந்து இறங்கினார். கைகளை உடம்பில் ஒட்டாமல் அகற்றி வைத்துக்கொண்டு, அடிமேல் அடியாக எங்கள் வீட்டுப் பக்கவாட்டு வழியில் திரும்பினார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே ஓரமாக ஒரு அடி தள்ளி நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு நிழல் காலியானது. அத்தானுக்காகத் தள்ளினாரா, வீடு சரியாகத் தெரிய வேண்டும் என்று தள்ளினாரா, எனக்குத் தெரியவில்லை. அத்தான் தரையைப் பார்த்தார். பிறகு ஒரு காலை மட்டும் எடுத்து அந்த நிழலுக்குள் வைத்தார்.