மூன்றாவது ஓட்டு

செல்லியம்மாளுக்கு ஒத்துக்கொள்ளாத ஊசியின் பெயர் என் கைக்கெட்டும் தூரத்தில், மெஷினுக்குள் பத்திரமாக இருந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் நான் அதைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் நோயாளிகளின் விவரம் இரண்டு இடத்தில் இருக்கிறது. இங்கே ஒன்று, சின்னசேலம் கிளையில் அச்சு அசலாக இன்னொன்று. நடுவில் லைன் அறுந்தால் இரண்டும் தனித்தனியாக எழுத ஆரம்பித்து, ஒரே நோயாளிக்கு இரண்டு கதை ஆகிவிடும். அதற்காக மூன்றாவதாக ஒரு சின்னப் பெட்டி. அதில் விவரம் எதுவும் கிடையாது, ஓட்டு மட்டும்தான். இரண்டு மெஷினுக்கும் ஆளுக்கொரு ஓட்டு, பெட்டிக்கு ஒன்று; மூன்றில் இரண்டு சேர்ந்தால்தான் மெஷின் திறக்கும்.

பெட்டி முதலில் வெள்ளிமலையில், வீரமணியின் ஜெராக்ஸ் கடையில் இருந்தது. அங்கே அடிக்கடி கரண்டு போகும். ஒவ்வொரு தடவையும் மலைப்பாதை பஸ்ஸில் ஏறி இறங்கி வெறுத்துப்போனேன். போன ஆடியில் அதைத் தூக்கிவந்து சின்னசேலம் மெஷின் பக்கத்திலேயே, அதே பேட்டரியில் சொருகிவிட்டேன். எட்டு மாதம் நிம்மதி. என் சோம்பேறித்தனத்தைப் புத்திசாலித்தனம் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

இன்று மத்தியானம் இடி விழுந்து சின்னசேலத்தில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. அந்தக் கிளை வாட்ச்மேன் சடையன் போனில் சொன்னார். பிறகு அவர் போனும் செத்தது. பேட்டரி தீர்ந்ததும் இரண்டு ஓட்டும் ஒரே அடியில் போயின. எங்கள் மெஷின் ஒற்றை ஓட்டோடு முரண்டு பிடித்தது. வலுக்கட்டாயமாகத் திறக்கும் சாவி மெஷினை விற்ற கம்பெனிக்காரனிடம். "அந்தப் பக்கம் நிஜமாவே அணைஞ்சிடுச்சான்னு யாராச்சும் நேர்ல பாத்துச் சொல்லணும் சார்" என்றான். ஆள் அனுப்பியிருந்தேன். மழையில் எங்கே நின்றானோ.

அப்போதுதான் வீரமணி, குளிர் காய்ச்சலில் நினைவிழந்த மனைவி செல்லியம்மாளை ஜீப்பில் கொண்டுவந்தார். முன்பு இங்கே போட்ட ஏதோ ஊசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

"முன்னே எந்த ஊசிக்கு உடம்பு வீங்கிச்சு?" டாக்டர் மலர்விழி கேட்டார்.

"பேரு தெரியலைங்க. அப்பவே பேரு எழுதின சீட்டு கேட்டேன். எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, வாணாம்னு இந்த சார்தான் சொன்னாரு" என்று என்னைக் காட்டினார்.

டாக்டர் அரைமணி நேரம் காத்திருந்தார். பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. "இனிமே நிக்க முடியாது சிவசங்கர்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பலருக்கும் ஒத்துக்கொள்ளாத மருந்தை விலக்கிவிட்டு வேறொன்றைப் போட்டார். பத்தே நிமிடத்தில் செல்லியம்மாளின் உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. ஐ.சி.யு.வுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

சின்னசேலத்தில் கரண்டு வந்ததும் மெஷின் தானாகத் திறந்தது. திரையில் சிவப்பு எழுத்தில் மருந்தின் பெயர். சற்றுமுன் போட்ட அதே மருந்து.

ஐ.சி.யு. கதவருகே வீரமணி நின்றிருந்தார்.

"மலையில இன்னைக்குக் கரண்டு போச்சாண்ணே?"

"இல்லீங்க. போனாலும் இன்னா? உங்க பொட்டிக்குன்னே தனியா ஒரு பேட்டரி வாங்கியாந்தேன். வந்து பாத்தா, பொட்டிய எடுத்துக்கினு பூட்டீங்க." கதவையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "அது அங்கியே இருந்திருந்தா தெறந்திருக்குமா சார்?"

விரலை மடக்கி எண்ணினேன்: இங்கே ஒன்று, மலையில் ஒன்று, இரண்டு ஓட்டு.