ஒரு சாண் முகம்

சுருக்கக்கா என்றால் அந்தத் தெருவில் பால்காரரிலிருந்து தபால்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். சுருக்கமாகப் பேசுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள் கண்ணுகளா, வாயைத் திறந்தால் மூடத் தெரியாது அவளுக்கு. அவள் சுருக்கியது படங்களை. ஸ்டூடியோவின் பின்னறையில், தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்க, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊரார் முகங்களை அளவுக்குக் கொண்டுவருவாள். வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவருக்கு இருபது கே.பி.க்குள் ஒரு முகம். கடைக்காரரின் இணையதளத்துக்கு, தொட்டதும் திறக்கிற மாதிரி செருப்புப் படம். போனில் அனுப்ப ஒரு அளவு, அச்சடித்துச் சுவரில் மாட்ட வேறோர் அளவு.

ஸ்டூடியோ முதலாளிக்கு அவள் வைத்த பெயர் மில்லிமீட்டர். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. அவள் அப்படிக் கூப்பிடுவது அவருக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவள் வீட்டுக்காரர் வெல்டர். வெளிநாடு போய் நாலு வருடம். போகும்போது மூன்று வயதாயிருந்த மகளுக்கு இப்போது ஏழு. மூன்றாம் வருடம் விடுமுறை என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நேரம் வந்தபோது, "குடுக்க மாட்டேங்கறாங்கம்மா" என்றார். சரி என்று விட்டுவிட்டாள். வேறென்ன செய்வது?

முதலில் வந்த படங்களெல்லாம் பெரிய படங்கள். ஒன்றரை வருடமாகத்தான் பொட்டுப் பொட்டாக வந்தன. கேட்டால், "மலைக்கு நடுவில புது எடத்துக்கு மாத்திட்டாங்க, சிக்னலே இல்ல" என்பார். முகம் பார்த்துப் பேசுவதும் அத்தோடு நின்றது. குரல் மட்டும் வரும். அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போனை வாங்கி, அப்பா படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா கட்டம் கட்டமா இருக்காரு."

"அதான் சுவத்துல பெருசா மாட்டியிருக்கே, அதப் பாரு."

"அது கல்யாணத்தப்போ இருந்த அப்பா. எனக்கு இப்ப இருக்கற அப்பா வேணும்."

சுருக்கக்கா அவளைச் சமாதானம் செய்யப் போனவள், அப்படியே நின்றுவிட்டாள். அவருடைய மச்சம் இடது கன்னத்திலா, வலது கன்னத்திலா? சுவரைத் திரும்பிப் பார்க்காமல் சொல்லத் தெரியவில்லை. பாருங்களேன், தினமும் நூறு பேருடைய மச்சத்தை உருப்பெருக்கிப் பார்க்கிறவள்!

மறுநாள் மில்லிமீட்டரிடம் போய் நின்றாள். "இந்தப் படத்த எப்படியாவது பெருசாக்கிக் குடுங்க. எம்பொண்ணு அவங்கப்பாவப் பாக்கணும்."

"பொண்ணு மட்டுந்தானா?" என்றார் அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

"ஆமா, எனக்குப் பாத்து அலுத்துப்போச்சு."

அவரிடம் புதிதாக ஒரு மென்பொருள் இருந்தது. இல்லாத புள்ளிகளைத் தானே ஊகித்து நிரப்பிவிடும். வீட்டுக்காரருடைய முகத்தை அதற்குள் போட்டு, பெரிதாக்கி அச்சடித்து எடுத்தார்கள். பளபளவென்று வந்தது. சாயங்காலம் அதை மகளிடம் காட்டினாள்.

"யாரும்மா இது? சோப்பு விளம்பரத்துல வர்ற மாமாவா?"

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. நெற்றியில் ஒரு கோடு இல்லை. மச்சம் எந்தப் பக்கமும் இல்லை. யாரோ ஒரு நல்லவர் அவள் புருஷனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு சிரித்தார். கிழித்துப்போட்டாள்.

அன்றே வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். "போட்டோவா அனுப்பினா வழியிலயே சுருங்கிடுது. டாகுமெண்டுன்னு போட்டு அனுப்புங்க, உள்ளது உள்ளபடி வரும். எத்தன மணி நேரம் ஆனாலும் பரவால்ல."

"பாக்கறேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து வந்தது. டாகுமெண்டாகத்தான் வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் இறங்கிவிட்டது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. பெரிய படம் இவ்வளவு சீக்கிரம் இறங்காதே? வேலையில் செய்கிற மாதிரி படத்தின் அளவைத் திறந்து பார்த்தாள். அகலம் இருநூற்று நாற்பது புள்ளி. உயரம் முந்நூற்று இருபது. பழைய படங்களையும் வரிசையாகத் திறந்தாள். ஒன்றரை வருடத்துப் படங்கள் அத்தனையும் இருநூற்று நாற்பதுக்கு முந்நூற்று இருபது. ஊரார் படத்தையெல்லாம் அளந்து பார்த்தவள், இவர் படம் வந்தால் மட்டும் அளக்கவேயில்லை. முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள், பாவம்!

அந்த அளவு அவளுக்கு நன்றாகத் தெரியும். அவருடைய கம்பெனி விண்ணப்பத்தில் கேட்ட அளவு அது. புறப்படுவதற்கு முன்னால், "அங்க போய் எதுக்காவது மறுபடி கேட்டா நீங்களே பண்ணிக்குங்க" என்று, அவருடைய போனிலேயே படத்தைச் சுருக்கச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். படம் வழியில் சுருங்கவில்லை. அவருடைய கையில் சுருங்கியிருக்கிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஸ்டூடியோவின் பின்வாசலில் நின்றுகொண்டு போன் செய்தாள்.

"ஏங்க, டாகுமெண்டா வந்தா சுருங்காது."

"ம்."

"அப்ப யாரு சுருக்கினது?"

"நீதான சொல்லிக் குடுத்த" என்றார்.

"வேலைக்கு விண்ணப்பம் போடச் சொல்லிக்குடுத்தேன். எனக்கா விண்ணப்பம் போடறீங்க?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"வாயோரத்துல வெள்ளையா ஒரு திட்டு ஆரம்பிச்சுதும்மா. அப்புறம் கண்ணச் சுத்தி. இப்ப பாதி மூஞ்சி வெள்ள. டாக்டர்ட்ட காட்டிட்டேன். யாருக்கும் ஒட்டிக்காது, ஒண்ணும் பண்ணாதுன்னாரு. சின்னப் படத்துல வெளிச்சம் அடிக்கற மாதிரி இருக்கும், தெரியாது. பெருசா போட்டா..."

"அதுக்கு?"

"பாப்பா என்னப் பாத்து உள்ள ஓடிட்டா என்ன பண்ணுவேன்?"

சுருக்கக்கா போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள். அவர் இன்னும் தாழ்ந்த குரலில், "லீவு குடுத்தாங்க. நாந்தான் வரல" என்றார்.

அவளுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு வருடம்! அந்த ஒரு வருடத்தில் எத்தனை சாயங்காலம் வாசல் பக்கம் பார்த்திருப்பாள். திட்டினாள். உள்ளே மில்லிமீட்டர் அளவுகோலைக் கீழே போட்டுவிடும் அளவுக்குத் திட்டினாள். திட்டித் தீர்ந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்க மூஞ்சி எனக்கு வேணும். முழுசா வேணும். இப்பவே எடுத்து அனுப்புங்க, ஒரு புள்ளி குறைஞ்சாலும் நான் கண்டுபிடிச்சிடுவேன்" என்றாள்.

படம் வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை அவள் வேறு வேலையைத் தொடவில்லை. மூவாயிரத்துக்கு நாலாயிரம் புள்ளி. திரை கொள்ளாத முகம். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெல்ல நகர்த்தி, நிலத்தில் தொலைந்த ஊசியைத் தேடுகிறவள் போலப் பார்த்தாள். கண்ணைச் சுற்றி வெள்ளை. உதட்டோரம் வெள்ளை. அதற்குள்ளும் அவருடைய சிரிப்புக் கோடுகள் அப்படியே ஓடின. மச்சம் வலது கன்னத்தில். மீசையில் நரை. எல்லாம் தெரிந்தது. ஆனால் திரையைத் தொட்டால் கண்ணாடிதானே கையில் படுகிறது.

"என்ன சைசு போடலாம்?" என்று பின்னால் வந்து நின்றார் மில்லிமீட்டர்.

"நெஜத்துல இருக்கற சைசு."

"அவரு மூஞ்சி அளவு உனக்கெப்படித் தெரியும்?"

அவள் வலது கையை விரித்தாள். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை. "மோவாயிலேர்ந்து முடி ஆரம்பிக்கற வரைக்கும் எனக்குச் சரியா ஒரு சாண்." சொன்ன பிறகு வெட்கம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் ஒன்றும் கேளாதவர் போல அளவுகோலை எடுத்து அவளுடைய கை மீது வைத்தார். "நூத்தி எம்பத்தஞ்சு மில்லிமீட்டர்" என்றார், கோயில் மணி அடிப்பதைப் போல அழுத்தமாக. அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வைத்தாலும் கட்டம் கட்டமாகத் தெரியாமல் படம் தாங்கும். அச்சடித்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோனதும் மகள் படத்தின் மீது கையை வைத்து, வெள்ளையைச் சுற்றி விரலால் வரைந்தாள்.

"இது என்னம்மா, மேகம் மாதிரி?"

"அப்பா தோல்ல அங்கங்க நெறம் போயிடுச்சு. வலிக்காது."

"நெஜ அப்பாவா?"

"நெஜ அப்பா."

மகள் ஓடவில்லை. "மச்சம் எனக்கும் இந்தப் பக்கந்தான்" என்று கன்னத்தைக் காட்டினாள்.

படத்தை எங்கே மாட்டுவது என்று சுருக்கக்கா வெகுநேரம் யோசித்தாள். பிறகு சுவரோரம் போய் நின்று, அவர் பக்கத்தில் நின்றால் தன் தலை எங்கே வரும் என்று பார்த்து, அவருடைய முகம் இருக்கவேண்டிய உயரத்தில் ஆணி அடித்தாள். பார்க்க வேண்டுமானால் அவள் அண்ணாந்து பார்க்க வேண்டும். மகளைத் தூக்கிக் காட்ட வேண்டும். அந்தச் சுவரைப் போட்டோ எடுத்து, டாகுமெண்டாக அவருக்கு அனுப்பினாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் போன் வந்தது.

"ஏம்மா இவ்வளவு மேல மாட்டியிருக்க?"

"நீங்க நின்னா உங்க மூஞ்சி அங்கதான இருக்கும்?"

போனில் மலைக்காற்று இரைந்தது.

"லீவுக்கு எழுதிக் குடுத்துட்டேன். அஞ்சு மாசம் ஆகுமாம்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "அர அங்குலம் கீழ எறக்கிடும்மா. குனிஞ்சு வேல பாத்துப் பாத்து, முதுகு கொஞ்சம் வளஞ்சுபோச்சு" என்றார்.

"அர அங்குலந்தானா? சரியா சொல்லுங்க."

"முக்கால்னே வச்சுக்க."

"இருங்க, போன வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் சுத்தியலை எடுக்க எழுந்தாள்.