மெங் யான்ஃபெய்யின் இரண்டாம் இடங்கள்

குன்மிங் கோல்ஃப் போட்டியின் கடைசிக் குழியில் மெங் யான்ஃபெய் இரண்டடி தூரத்திலிருந்து பந்தைத் தவறவிட்டபோது, கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான்தான். அந்தத் தூரத்தில் நானே கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன். பந்து குழியின் விளிம்பைக்கூடத் தொடவில்லை. வலப்பக்கமாக ஒதுங்கிப் போய் நின்றது. கூட்டம் மொத்தமும் "அய்யோ" என்றது. கைக்கு வந்த முதலிடம் இரண்டாமிடமாகிவிட்டது.

யான்ஃபெய்க்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஹெங்யாங்கில் லாரி டயர்க் கடை வைத்திருந்தவரின் மகள். கடைக்கு எதிரே இருந்த பயிற்சி மைதானத்தில் பந்து பொறுக்கப் போய், அப்படியே ஆடக் கற்றவள். தொங்குவானில் நாற்காலித் தொழிற்சாலை நடத்தும் தெங் முதலாளி அவள் சிறுமியாக இருந்தபோது ஒருநாள் அவள் ஆட்டத்தைப் பார்த்தார். பயிற்சி, பள்ளி, விமான டிக்கெட், மட்டை எல்லாவற்றுக்கும் நானாச்சு என்று பொறுப்பெடுத்துக்கொண்டார். அவள் தொழில்முறை ஆட்டக்காரியாகி, பரிசுப் பணம் வரத் தொடங்கியபின் அதில் பெரும்பங்கு அவருக்குப் போயிற்று. ஊரறிந்த விஷயம்தான், யாரும் தப்பாக நினைக்கவில்லை.

என் பெயர் ஹே லான்ஃபென். ஷென்ஜென் கிளப் ஒன்றில் பணக்காரர்களின் மட்டைப்பையை வருஷக்கணக்கில் இழுத்தவள். பிறகு யான்ஃபெய்யின் பையை மட்டும் சுமக்கச் சேர்ந்தேன். வாரச் சம்பளம் உண்டு, பரிசிலும் ஒரு பங்கு உண்டு. அவள் ஜெயித்தால் என் பங்கு இரட்டிப்பு. ஆகவே அவள் தோற்றால் என் வயிற்றிலும் அடி விழும்.

"என்னடி ஆச்சு?" என்று வண்டியில் கேட்டேன்.

"கை நடுங்கிடுச்சு அக்கா."

கை நடுங்கவில்லை. நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஜுஹாய். கடைசி நாளில் மறுபடியும் முதலிடத்தில் இருந்தாள். கடைசிக்கு முந்தைய குழியில் குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டும். நான் எடுத்துக் கொடுத்த மட்டையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அதைவிடக் குறைந்த தூரம் போகும் மட்டையை அவளே உருவிக்கொண்டாள்.

"அது பத்தாது. எதிர்க்காத்து அடிக்குது" என்றேன்.

"எனக்குத் தெரியும்."

பந்து குளத்தில் விழுந்தது. மறுபடியும் இரண்டாமிடம். இணையத்தில் அவளுக்கு "வெள்ளி மெங்" என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவள் தோற்பதற்குச் சூதாட்டப் பந்தயக்காரர்கள் பணம் கொடுக்கிறார்கள் என்று யாரோ எழுத, அது நெருப்பாகப் பரவியது.

மறுநாள் காலை ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் தெங் முதலாளியின் அண்ணன் மகன் குவாங் என் எதிரே வந்து உட்கார்ந்தான். யான்ஃபெய்யின் கணக்கு வழக்கு, விளம்பரம் எல்லாம் பார்ப்பவன் அவன்தான்.

"சாப்பிடுங்க லான் அக்கா, கஞ்சி ஆறிடப் போகுது" என்றான். "அவ யார்கூடல்லாம் பேசுறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அவ போனை நான் எதுக்குப் பாக்கணும்?"

"பாருங்கன்னு சொல்லல. கொஞ்சம் கண்ணு வெச்சிக்கோங்கன்னுதான் சொல்றேன். சித்தப்பா ஒரு மாதிரி சந்தேகப்படுறாரு. நீங்களும் அவளும் சேந்து பங்கு வாங்குறீங்களோன்னு கேக்குறாரு."

"உங்க சித்தப்பாவை நேர்ல வந்து கேக்கச் சொல்லு. அவ தோத்தா எனக்கும் நஷ்டம்னு அவருக்குத் தெரியாதா?"

"அதான் நானும் சொன்னேன். நஷ்டத்தை வேற யாராவது ஈடுகட்டிட்டா என்னன்னு அவரு கேட்டாரு" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனான்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் போட்டுவிட்டுப் போன விதை உள்ளே முளைத்துவிட்டது. அன்றிலிருந்து அவள் போன் ஒலித்தால் என் காது அங்கே போயிற்று. அவள் எழுந்து தள்ளிப் போய்ப் பேசினால் உதட்டைப் பார்த்தேன். முன்பெல்லாம் அறைக்கதவைத் திறந்தே வைத்திருப்பவள் இப்போது சாத்திக்கொண்டாள். நான் உள்ளே போனால் பேச்சை மாற்றினாள். அவளும் என்னைக் கவனிக்கிறாள் என்று தோன்றியது. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வேவு பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

வருஷத்தின் கடைசிப் போட்டி ஹைக்கோவில். போட்டிக்கு முந்தைய மத்தியானம், தூங்கப் போகிறேன் என்று சொன்னவள் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறுவதைப் பார்த்தேன். பின்னாலேயே போனேன். பழைய தெருவில் ஒரு தேநீர்க் கடை. கிழவர்கள் லாட்டரி எண்களைப் பற்றி உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு மூலை மேசையில் கண்ணாடி போட்ட ஓர் ஆள் அவளுக்காகக் காத்திருந்தான். இருவரும் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். போகும்போது அவள் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டையின் உட்பையில் வைத்துக்கொண்டான்.

அவர்கள் கண்ணில் படாமல் திரும்பி நடந்தேன். குவாங் சொன்னது நிஜம்தானா?

மறுநாள் விடிந்ததும் பயிற்சி மைதானத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அவள் மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி அந்தக் கண்ணாடிக்காரன்?"

அவள் கை நின்றது. "பின்னாடியே வந்தீங்களா?"

"வந்தேன்."

"குவாங் அனுப்பினானா?"

"நானா வந்தேன். பந்தயக்காரனா அவன்? சொல்லிடு. போலீஸ் வந்து சொல்றதுக்கு முன்னாடி உன் வாயால நான் கேட்டுக்கிறேன்."

அவள் சிரித்தாள். அழுவது போன்ற சிரிப்பு.

"வக்கீல் அக்கா அவரு. என் ஸ்கூல் சிநேகிதியோட அண்ணன். கவர்ல இருந்தது அவரோட ஃபீஸ். பேங்க் வழியா போட்டா குவாங் கண்ணுல படும்."

"வக்கீல் எதுக்கு?"

"எனக்குப் பதிமூணு வயசுல எங்க அப்பா தெங் முதலாளியோட ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரு. இந்த டிசம்பரோட அது முடியுது. ஆனா அதுக்குள்ள ஒரே ஒரு போட்டி ஜெயிச்சாலும் இன்னும் பத்து வருஷம் தானா நீளுமாம். பத்து யுவான் சம்பாரிச்சா ஏழு அவருக்கு. பத்து வருஷம் கழிச்சு எனக்கு முப்பத்து மூணு ஆயிடும். அப்புறம் எவன் எனக்குக் காசு கொடுப்பான்?"

குன்மிங்கில் ஒதுங்கிப்போன பந்தும் ஜுஹாயில் அவள் உருவிக்கொண்ட மட்டையும் எனக்கு அப்போதுதான் புரிந்தன.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அவங்க ஆளுன்னு நினைச்சேன். உங்க சம்பளம் அவங்க கையில இருந்துதானே வருது? குவாங்கோட உக்காந்து கஞ்சி குடிச்சீங்களே, பாத்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வேறொன்றும் உறுத்தியது. "வேணும்னே தோக்குறது ஆட்டத்துக்குப் பண்ற துரோகம் இல்லையா? உன்னைப் பாக்க வெயில்ல வந்து நிக்கிறாங்களே, அவங்களுக்கு என்ன சொல்வே?"

"ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள். "அதை நினைச்சாத்தான் தூக்கம் வரல. இன்னொண்ணு அக்கா. பந்தயக் கதையைக் கிளப்பிவிட்டதே குவாங்தான்னு வக்கீல் அண்ணன் சந்தேகப்படுறாரு. பேரு கெட்டுப்போனா, அதைக் காப்பாத்திக்கவாவது நான் ஜெயிச்சுக் காட்டுவேன்னு அவங்க கணக்கு."

அது உண்மையா என்று அப்போதும் தெரியாது. இப்போதும் தெரியாது.

ஹைக்கோ மைதானம் கருப்பு எரிமலைப் பாறைகளுக்கு நடுவே போட்டது. காற்று ஒரு பக்கமாக நிற்காது. யான்ஃபெய் எப்படியாவது மூன்றாம், நான்காம் இடத்தில் ஒதுங்கிவிடலாம் என்று பார்த்தாள். மற்றவர்கள் காற்றில் சிக்கி அவளைவிட மோசமாக ஆடினார்கள். கடைசி நாள் கடைசிக் குழிக்கு வரும்போது அவளுக்கு மேலே ஒரே ஒருத்திதான், லு ஜிச்சிங் என்ற பத்தொன்பது வயதுப் பெண், இரண்டு முறை குறைவாகப் பந்தை அடித்து முன்னிலையில் இருந்தாள். யான்ஃபெய் நிம்மதியாக மூச்சு விட்டாள். லு ஓங்கி அடித்த பந்து பாறையில் பட்டு எகிறி, இன்னொரு பாறையின் இடுக்கில் போய் விழுந்தது. அதை வெளியே எடுப்பதற்குள் அந்தப் பெண்ணின் முன்னிலை முழுக்கக் கரைந்துவிட்டது.

யான்ஃபெய்யின் பந்து குழியிலிருந்து வெகுதூரத்தில் கிடந்தது. இரண்டு தட்டில் போட்டால் இருவரும் சமம். மூன்று ஆனால் இரண்டாமிடம். முதல் தட்டில் பந்து உருண்டு உருண்டு குழிக்குப் பக்கத்தில், இரண்டடியில் நின்றது. குன்மிங்கின் அதே தூரம்.

கூட்டத்தில் அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். கயிற்றுக்கு அப்பால் குவாங் நின்றான். அவன் பக்கத்தில் போட்டி நிர்வாகத்தின் அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இதையும் விட்டால் விசாரணை, தடை, எல்லாமே வரும். போட்டால் அந்தப் பத்து வருஷ ஒப்பந்தத்துக்குள் பாதி விழுந்த மாதிரி.

அவள் என் பக்கம் குனிந்து, "என்னக்கா பண்றது?" என்றாள். உதடு காய்ந்திருந்தது.

"போடு" என்றேன். "உனக்கு ஆடத்தான் தெரியும். மத்தது எல்லாம் அப்புறம்."

போட்டாள். கூட்டம் கத்தியது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

சமனை உடைக்க லுவும் அவளும் அதே குழியை மறுபடி ஆட வேண்டும். யான்ஃபெய் தொடக்க இடத்துக்கு நடந்து போய் அடித்தாள். நான் பார்த்ததிலேயே அழகான அடி அதுதான். அடுத்ததற்கு நான் நீட்டிய மட்டையை மறுப்புச் சொல்லாமல் வாங்கினாள். பந்து குழிக்குப் பத்தடியில் இறங்கியது. லுவின் பந்து குழியைச் சுற்றிய வழுவழுப்பான புல்தரைக்கு வெளியே இருந்தது. தோற்றுவிட்டோம் என்ற முகத்தோடு வந்து அந்தச் சின்னப் பெண் தட்டினாள். பந்து சரிவில் வளைந்து நேராகக் குழிக்குள் விழுந்தது. அவளே நம்பாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யான்ஃபெய் தன் பத்தடியைப் போட்டால் ஆட்டம் தொடரும். குனிந்து, சுற்றி வந்து, மறுபடி குனிந்து பார்த்தாள். தட்டினாள். நேராகத்தான் போயிற்று. கடைசி நொடியில் வேகம் குறைந்து, குழியின் உதட்டில் உட்கார்ந்துகொண்டது. விழவில்லை.

"நிஜமாவே ஜெயிக்கத்தான் அடிச்சேன் அக்கா" என்று என் காதில் சொன்னாள். "யாரும் நம்ப மாட்டாங்க. நீங்களாவது நம்புங்க."

"நம்புறேன்" என்றேன்.

நம்பினேனா? அவள் தோளைப் பிடித்திருந்த என் கை நம்பியது. ஆனால் பத்தடியில் பந்தை உதட்டில் நிறுத்தும் அளவுக்குக் கைத்திறன் உள்ளவள் இந்த நாட்டில் யாராவது இருந்தால் அது அவள்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

நிர்வாகம் எங்கள் இருவரின் போனையும் வங்கிக் கணக்கையும் துருவிப் பார்த்தது. பந்தயக்காரர் எவரோடும் தொடர்பில்லை என்று அறிவித்தது. அவள் வேண்டுமென்றே தோற்றாளா என்று எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குன்மிங்கைப் பற்றி நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. டிசம்பர் முடிந்தது. ஒப்பந்தமும் முடிந்தது. அந்த வருஷப் பரிசில் தெங் முதலாளிக்குச் சேர வேண்டிய பங்கை யான்ஃபெய் குறைக்காமல் அனுப்பி வைத்தாள்.

வசந்த காலத்தில் செங்து போட்டியில் ஜெயித்தாள். முதல்முறையாக முழுப் பரிசும் அவள் கணக்குக்கு வந்தது. கோப்பையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இப்போ மட்டும் கை நடுங்கலியா?" என்று ஒரு நிருபர் குத்தலாகக் கேட்டார். "நடுங்குச்சு, ஆனா பழகிடுச்சு" என்றாள்.

அன்று சாயங்காலம் தெங் முதலாளி எனக்குப் போன் செய்தார். அவர் குரலை அதற்கு முன் நான் இரண்டொரு தடவைதான் கேட்டிருந்தேன். வயதான, சளி கட்டிய குரல்.

"லான்ஃபென், என் தொழிற்சாலை நொடிச்ச வருஷத்துலகூட அவ விமான டிக்கெட்டை நான் நிறுத்தல. அது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது முதலாளி."

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஹைக்கோவுல அந்தக் கடைசிப் பந்தை வேணும்னே விட்டாளா?"

"இல்ல."

"நீ சொல்றதை நான் நம்பலாமா?"

"அது உங்க இஷ்டம் முதலாளி" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். ஓட்டல் கூடத்தில் யான்ஃபெய் எல்லோருக்கும் காரக் குழம்பில் மீன் சொல்லியிருந்தாள். யார் போனில் என்று அவள் கண்ணால் கேட்டாள். தெரிந்தவர் ஒருத்தர் என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.