விதைக்கு விட்டது

"அதத் தொடாதீங்க அத்தை! அது விதைக்கு விட்டது!"

கொல்லையிலிருந்து மகள் ஜெஸாவின் குரல் வந்தபோது, லிகாயா கணவன் ரோதெலின் சவப்பெட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி ஐந்து நாளாகக் கூடத்தில் இருந்தது. இரண்டு மணிக்கு மாதா கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் நேற்று மாலைதான் தைவானிலிருந்து வந்து சேர்ந்தாள். தொழிற்சாலையில் விடுப்புக் கிடைத்து, விமானத்தில் இடம் கிடைப்பதற்குள் நான்கு நாள் போய்விட்டது. இரண்டு வருடமாகக் கைபேசியில் மட்டும் பார்த்த முகம் இப்போது இந்தக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. மீசையை யாரோ கோணலாக வெட்டியிருந்தார்கள்.

துணியைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் போனாள். ரோதெலின் அக்கா நெனீதா ஒரு கையில் கத்தி, மறு கையில் கூடையுடன் கத்தரிப் பாத்தியில் நின்றிருந்தாள். ஏழு வயது ஜெஸா இரண்டு கைகளையும் விரித்துச் செடிகளை மறித்துக்கொண்டிருந்தாள். நான்கு வயது புகோய் அக்காவின் பாவாடையைப் பிடித்தபடி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"பாரு லிகாயா உன் பொண்ண. அடக்கம் முடிஞ்சு எம்பது பேரு சாப்பிட வருவாங்க. பன்னிக்கறி இருக்கு, இறால் விழுது இருக்கு. காய் இல்லாம எதப் போட்டுக் கிண்டுறது? இருக்கறதுலயே நல்ல காயத் தொட்டா கத்துறா."

"நல்ல காயத்தான் விதைக்கு விடணும். நோஞ்சானையா விடுவாங்க?" என்றாள் ஜெஸா.

இரண்டு பேரும் லிகாயாவைப் பார்த்தார்கள். கைபேசியில் ரோதெல் இந்தக் கொல்லையை எத்தனையோ தடவை காட்டியிருக்கிறான். பீர்க்கம் பந்தல், காராமணிக் கொடி ஏறிய மூங்கில், வேலியோரத்து முருங்கை எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் ஈரமண்ணும் கத்தரி இலையும் கலந்த இந்த வாசனை அவளுக்குப் புதிது. எது விதைக்கு, எது சமையலுக்கு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எதப் பறிக்கலாம்னு நீயே காட்டும்மா. அத்தை அத மட்டும் பறிக்கட்டும்."

"நல்லாருக்கு! பொடிசுகிட்ட உத்தரவு வாங்கியா நான் சமைக்கணும்?"

அண்டா தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பெர்தோ சிரித்தார். "ரோதெலே அவகிட்ட கேட்டுத்தான் தண்ணி விடுவான், நெனீதா. உனக்கு மட்டும் என்ன சலுகை?"

ஜெஸா முன்னால் நடந்தாள். சிவப்பு நூல் கட்டியிருப்பதைத் தொடக்கூடாது. இந்த வரிசை பறிக்கலாம். காராமணி எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். பாகலில் கீழே தொங்குவது மட்டும். முருங்கையை அவள் சொல்வதற்கு முன்பே நெனீதா ஒதுக்கிவிட்டாள், சாவு வீட்டில் அந்தக் கீரை ஆகாது. கூடை மெல்ல நிறைந்தது.

"இது என்னோடது," என்று புகோய் ஒரு சின்னப் பாத்தியைக் காட்டினான். நான்கு வெண்டைச் செடிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. சொல்லிவிட்டு லிகாயாவை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க போன்லதான இருப்பீங்க?"

அவள் தலையாட்டினாள்.

பந்தலுக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்தி காலியாகக் கிடந்தது. மண் பொலபொலவென்று கொத்திவிட்டிருந்தது. ஒரு புல் இல்லை.

"இதுல ஏன் எதுவும் போடல?"

"அது உங்களுது," என்றாள் ஜெஸா. "நீங்க வந்துதான் நடணுமாம். நாங்க புல்லு மட்டும் பிடுங்குவோம்."

லிகாயாவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து விடுதிக் கட்டிலில் படுத்திருந்தாள். 'உனக்கு ஒரு பாத்தி விட்டிருக்கேன். என்ன போடப்போற, சொல்லு,' என்று ரோதெல் கேட்டான். 'எதையாவது போடுங்க,' என்று சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். அவன் எதையும் போட்டிருக்கவில்லை.

இரண்டு மணிக்கு, பெட்டி வாசலைத் தாண்டுவதற்கு முன், குழந்தைகளை அதன் மேலாகத் தூக்கிக் கடத்தினார்கள். செத்தவர் குழந்தைகளைத் தேடி வராமலிருக்கச் செய்வது. இந்தப் பக்கம் பெர்தோ தூக்க, அந்தப் பக்கம் லிகாயா வாங்கிக்கொள்ள வேண்டும். ஜெஸா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். புகோய் நடுவில் அந்தரத்தில் தொங்கியபடி கீழே எட்டிப் பார்த்தான்.

"அப்பா நகத்துல மண்ணே இல்ல! யாரு கழுவிவிட்டா?"

லிகாயா அவனை வாங்கிக்கொண்டாள். இடுப்பில் வைத்தபோது கனத்தான். அவள் கிளம்பும்போது இவ்வளவு கனமில்லை.

கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் கொய்யா இலை போட்டுக் காய்ச்சிய நீரில் கை கழுவிவிட்டுச் சாப்பிட்டார்கள். காய்க்கூட்டு நன்றாக இருந்ததென்று ரொம்பப் பேர் சொன்னார்கள். கூட்டம் கலைந்த பிறகு, தட்டுகளை அடுக்கியபடியே நெனீதா பேச்செடுத்தாள். காலையில் இருந்த விறைப்பு குரலில் இல்லை.

"பசங்கள நான் கூட்டிட்டுப் போறேன் லிகாயா. பத்து நாள்ல நீ கிளம்பணுமில்ல."

"எந்தக் காயப் பறிக்கறதுன்னுகூட இன்னிக்கு எனக்குத் தெரியலயேக்கா. இவங்கள விட்டுட்டு எங்க போறது?"

"ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம் இருக்கே."

"இருக்கட்டும்."

நெனீதா அவளையே பார்த்தாள். தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தட்டு ரெண்டு குறையுது, பெர்தோ வீட்டுதா இருக்கும்," என்று எழுந்து போனாள்.

வெயில் தாழ்ந்தது. யாரும் கூப்பிடாமலே குழந்தைகள் துளை போட்ட பால் டப்பாக்களை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்கள். லிகாயாவும் ஒரு வாளியோடு போனாள். மேலிருந்து ஊற்றியதற்குப் புகோயிடம் திட்டு வாங்கினாள். "இலைக்கு இல்ல, காலுக்கு ஊத்துங்க!"

ஜெஸா தண்ணீர் விட்டபடியே, அவளைப் பார்க்காமல் சொன்னாள்.

"அன்னிக்கும் தண்ணிதான் விட்டுட்டிருந்தோம். அப்பா இங்க குனிஞ்சாரு, நிமிரவே இல்ல. புழு பொறுக்கறாருன்னு நெனச்சேன். நான் அந்த வரிசை முழுக்க விட்டு முடிச்சேன்மா. அதுக்கப்புறந்தான் கூப்பிட்டேன்."

லிகாயா வாளியைக் கீழே வைத்தாள். மகளின் தலையைத் தொட்டாள். ஜெஸா விலகவில்லை, நெருங்கவும் இல்லை. டப்பாவில் மறுபடி தண்ணீர் மொண்டுகொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

மூன்று பேரும் தண்ணீர் விட்டபடியே பந்தல்வரை வந்தார்கள். பந்தலடியில் ஒரு பீர்க்கங்கொடி பிடி நழுவி மண்ணில் கிடந்தது. லிகாயா அதன் நுனியை எடுத்துக் குச்சியில் சுற்றிவிடக் குனிந்தாள்.

பின்னால் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஜெஸா டப்பாவை மார்போடு அணைத்தபடி அசையாமல் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவின் துளைகளிலிருந்து தண்ணீர் அவள் சட்டையை நனைத்து ஒழுகியது.

லிகாயா கொடியை விட்டுவிட்டு எழுந்து, நேராக நின்றாள்.

ஜெஸா காலி டப்பாவைத் தொட்டியில் முக்கினாள். மறுபடி தண்ணீர்ச் சத்தம் கேட்டது.